ஒன்றும் போடாத பாத்தி

சிரிப்பு வாயு என்று ஒன்று உண்டு. பல் பிடுங்கும் டாக்டர்கள் சிலர் உருளையில் அடைத்து வைத்திருப்பார்கள். அதே வாயு, ஸ்ரீரங்கத்தில் பஞ்சக்கரை ரோட்டுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டியிருந்த அமிர்தராஜின் புல் வயலிலிருந்து யாரும் கேட்காமலேயே கிளம்பிக்கொண்டிருந்தது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. ஈர மண்ணிலிருந்து எழும்பி, வேலி தாண்டி, கோபுரம் தாண்டி மேலே போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவு வாயுவுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றவர் அமிர்தராஜ். அவர் சிரித்து அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

அது அவர் பார்த்த வேலை செய்த வேலை. திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய கொதிகலன் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காதை வைத்தே சொல்லிவிடுவார் என்பார்கள். மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை நகத்தால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் கட்டினார் என்று அவர் மனைவி லூர்துராணி சொல்வாள். அவர் அதை மறுத்ததில்லை. தட்டிப் பார்த்ததில் தப்பென்ன என்று மட்டும் கேட்பார்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தட்டிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. குக்கர் எத்தனை விசில் தாங்கும் என்று அவர் அடுப்படியில் நின்று கவனிக்க ஆரம்பித்ததும் லூர்துராணி குக்கரைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைத்தாள். அந்தச் சமயத்தில்தான் கொள்ளிடக் கரை நிலம் விலைக்கு வந்தது. வாங்கிப் புல் போட்டார். பத்திரத்தை மகன் ஜேக்கப் பெயரில் எழுதினார். பின்னால் மாற்ற அலைய வேண்டாமே என்று அன்றைக்கே காட்டிய புத்திசாலித்தனம் அது. ஜேக்கப் டொரண்டோவில் இருந்தான். நிலத்தை அவன் போட்டோவில் பார்த்திருந்தான்.

புல் என்றால் சாதாரணப் புல் இல்லை, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். யூரியா வீசி ஒரு தண்ணீர் விட்டால் அது வளர்கிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். வையம்பட்டியிலிருந்து கரணை கொண்டுவந்து நட்டுக் கொடுத்த ஆள், மத்தியானம் அசதியில் புல்லுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கண்ணை மூடினார். விழித்துப் பார்த்தால் கட்டில் பனைமர உயரத்தில் நிற்கிறது. இறங்க ஏணி வேண்டும். ஏணியை அவர் வையம்பட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அறுவடைவரை சாப்பாட்டைத் துரட்டியில் மாட்டித்தான் ஏற்றினார்கள்.

அந்தப் புல்தான் ஸ்ரீரங்கத்து வீதி மாடுகளில் பாதிக்குத் தீனி. அமிர்தராஜ் காலையில் பஸ் பிடித்து வந்து, வெயில் சாயும்வரை வரப்பில் நிற்பார். வாழ்நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் இருந்தவருக்கு அந்தச் சலசலப்பு பிடித்துப்போயிற்று. வேறு போக்கிடமும் இல்லை. ஜேக்கப்புக்கோ அந்த இடத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட வேண்டும். தீவில் காலி இடமே இல்லை, நீங்கள் அதில் புல் வளர்க்கிறீர்கள் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த கையோடு போனில் சொல்வான்.

மட்டுவார்குழலி வந்தது அப்படி ஒரு ஞாயிறுக்கு மறுநாள். வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பெண். மலைக்கோட்டை அம்மன் பெயரை வைத்திருந்தாலும் அலைந்து அலைந்து வெயிலில் கறுத்துப் போயிருந்தாள். அவள் வரப்பில் உட்கார்ந்து சொன்னதை அமிர்தராஜ் உன்னிப்பாகக் கேட்டார். நாம் போடும் உரத்தில் பாதியைத்தான் புல் சாப்பிடுகிறது. மிச்சத்தில் ஒரு பங்கை ஈர மண்ணில் இருக்கும் கிருமிகள் தின்று சிரிப்பு வாயுவாக விடுகின்றன. மேலே போனது நூறு வருஷம் ஆனாலும் இறங்காது. கம்பளி மாதிரி பூமியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். வெயில் இப்படிக் கொளுத்துவதில் அதற்கும் பங்கு உண்டு.

"அப்ப உரமே போடக்கூடாதாம்மா?"

"போடலாம் அங்கிள். எதைப் போடறோம்கறதுதான். ஒரே அளவு புல்லு வரணும், வாயு கம்மியா வரணும். உரத்தை மாத்தினாலே போதும்னு நான் நினைக்கிறேன். நினைச்சா பத்தாது, அளந்து காட்டணும்."

அளந்து காட்டணும் என்ற வார்த்தையில் அமிர்தராஜ் விழுந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல வார்த்தையை எந்தப் பெண்ணும் அவரிடம் சொன்னதில்லை.

வயலின் தென்கோடியில் நான்கு பாத்தி பிரித்தார்கள். ஒன்றில் கடையில் கிடைக்கிற, வேப்பெண்ணெய் பூசிய யூரியா. ஒன்றில் நைட்ரேட் உரம். ஒன்றில் கிருமியை மெதுவாக்கும் புது மருந்து பூசிய யூரியா. நான்காவதில் ஒன்றும் கிடையாது. வெறும் மண் தானாக எவ்வளவு வாயு விடுகிறது என்று அதில் பார்த்து, அந்த அளவை மற்ற மூன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். கழித்தது போக நிற்பதுதான் உரத்தின் வேலை. ஆகவே இருப்பதிலேயே முக்கியமான பாத்தி அந்த ஒன்றும் போடாத பாத்திதான் என்று குழலி சொன்னாள். அதன் தலைமாட்டில் போர்டு வைத்தாள்: "இந்தப் பாத்தியில் எந்த உரமும் இடக்கூடாது."

ஒவ்வொரு பாத்தியிலும் மண்ணில் ஒரு இரும்புச் சட்டம் பதித்திருக்கும். அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் தண்ணீர் ஊற்றி அடைத்து, ஊசியால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிக் குப்பியில் ஏற்ற வேண்டும். பெட்டிகளை அமிர்தராஜே செய்து கொடுத்தார். கொதிகலனுக்குச் செய்கிற சோதனை அத்தனையும் அவற்றுக்குச் செய்தார். அவற்றில் ஒன்றுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு ஜோடிக் கொசு வெளியே வர வழியில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, அந்த வம்சம் வெளிக்காற்று என்றால் என்னவென்று தெரியாமல் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது.

குழலி தூரத்திலிருந்து வர வேண்டியிருந்ததால் நடு நடுவே காற்று எடுக்கும் வேலையை அமிர்தராஜே கற்றுக்கொண்டார். அவள் மத்தியானம் வந்து குப்பிகளை வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போய்விடுவாள். இரண்டு வருஷம் இது ஒழுங்காக நடந்து, மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்துச் சரி என்றால், நிலையம் இந்த வயலை நிரந்தரக் கண்காணிப்பு வயலாக எடுத்துக்கொள்ளும் என்றாள். அதை அவர் அந்த ஞாயிறே டொரண்டோவுக்குச் சொன்னார். ஜேக்கப் ஒரு நிபந்தனை போட்டான்.

"சரிப்பா. கவர்மெண்டு நிரந்தரமா எடுத்துக்கிட்டா விக்கிற பேச்சையே நான் எடுக்கலை. எடுத்துக்கலைன்னா நீங்க எதுவும் பேசக்கூடாது."

அமிர்தராஜ் ஒப்புக்கொண்டார். தரப் பரிசோதனையில் அவர் கையில் எதுவும் தோற்றதில்லை.

இந்த ஏற்பாட்டில் பசு எதுவும் கிடையாது. பசு பிறகு வந்தது.

உத்தர வீதி ரெங்கநாதனுக்குத் தொழில், கிரகப்பிரவேசங்களுக்குப் பசு கொண்டுபோவது. புது வீட்டுக்குள் முதலில் பசுதானே நுழைய வேண்டும். அது கூடத்தில் நின்று கோமியம் விட்டால் வீட்டுக்காரர்கள் நெகிழ்ந்துபோவார்கள். விடாவிட்டாலும் கவலையில்லை, சொம்பில் கொண்டுவந்ததைத் தெளிக்க ரெங்கநாதன் தயார். பசுவின் பெயர் கோதை. நல்ல பசு, வாய்தான் சரியில்லை. சுவரொட்டி தின்னும். கட்சி வித்தியாசம் பாராட்டாமல் தின்னும். போன தேர்தலில் அதன் பால் கூட்டணிக்கு ஏற்ப நிறம் மாறி, கடைசிக் கட்டத்தில் தயிராக உறையவே மறுத்துவிட்டது. அது போகட்டும். தில்லைநகரில் ஒரு புது பிளாட்டில், ஹோமம் நடந்துகொண்டிருக்கும்போதே கோதை ஒரு பாலிதீன் பையை முழுசாகக் கக்கியது. பையில் கடைப் பெயர் அழியாமல் இருந்தது. அது வீட்டுக்காரரின் போட்டிக்காரர் கடை.

அதற்குப் பிறகு கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், உங்கள் பசு என்ன சாப்பிடுகிறது என்று முதலில் கேட்க ஆரம்பித்தார்கள். ரெங்கநாதன் ஒரு நாள் விடியற்காலையில் கோதையைப் பிடித்துக்கொண்டு வயலுக்கு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அடியேன் ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடைசிப் பாத்தியில நிஜமாவே ஒண்ணும் போடறதில்லையா?"

"இல்லைங்க சாமி. ஒரு குண்டுமணிகூட போடறதில்ல."

"யூரியா?"

"போர்டே வச்சிருக்கே."

"அப்போ இந்தத் தீவு முழுக்க விஷம் படாத புல்லு இது ஒண்ணுதான்னு சொல்லுங்கோ." ரெங்கநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாள் இதை உங்க கையில குடுத்திருக்கார். நீங்க வேற மதமா இருந்தா என்ன, குடுத்திருக்கார்."

ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக அமிர்தராஜை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. காது லேசாகச் சூடாயிற்று. கோதை காலையில் சற்று நேரம் அங்கே வாய் வைத்துக்கொள்ளலாமா என்று ரெங்கநாதன் கேட்டதும் அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. முறைப்படி போர்டைப் படித்தார். எந்த உரமும் இடக்கூடாது என்று இருந்தது. மாடு மேயக்கூடாது என்று இல்லை. உரம் என்பது அவர் அறிந்தவரை மூட்டையில் வருவது. மூட்டைமேல் அச்சடித்திருக்கும், தொகுதி எண் இருக்கும், தைத்த நூல் இருக்கும். கோதையின் மேல் அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்றும் யோசித்தார். புல்லை அறுத்து எடைபோடும் மூலை ஒன்று உண்டு. அங்கே மாடு வாய் வைத்தால் எடை குறைந்து கணக்கு கெட்டுவிடும். ஆகவே அந்த மூலையைச் சுற்றிக் கயிறு கட்டினார். தினமும் தானே நின்று காவல் பார்த்தார். அவருடைய நேர்மை முழுவதும் அந்த மூலையில்தான் நின்றது.

எதிர்மூலையில் பெட்டிச் சட்டம் இருந்தது. கோதை மேய்ந்து முடித்ததும் நேராக அங்கே போய், கோபுரத்தைப் பார்த்து முகம் வைத்து நிற்கும். பின்பக்கம் மிகச் சரியாகச் சட்டத்துக்கு மேலே வரும். ரெங்கநாதன் சொம்பை நீட்டி முதல் தாரையைப் பிடித்துக்கொள்வார். மிச்சமெல்லாம் சட்டத்துக்குள். சாணியை மட்டும் விடாமல் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார். மழை நாளில் வரும், மார்கழிக் குளிரில் வரும். தொழிற்சாலையில் அவ்வளவு நேரம் தவறாத இயந்திரத்தை அமிர்தராஜ் பார்த்ததில்லை. அதற்காகவே கோதையின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

பாத்தியில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கரும்பச்சை பிடித்தது. குழலி ஒரு தடவை அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். மண்ணே அப்படி, கொள்ளிடத்து வண்டல் என்றார் அமிர்தராஜ். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை. வெயில் உச்சியில் இருந்தது, அவள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தலையாட்டிவிட்டுக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முடிவு வந்தபோது அவள் நேரில் வந்தாள். முகம் சரியில்லை. நைட்ரேட் உரம் நிறைய வாயு விட்டிருந்தது, ஈர மண்ணில் அது எதிர்பார்த்ததுதான். யூரியா குறைவு, புது மருந்து பூசியது இன்னும் குறைவு, எல்லாம் அவள் நினைத்த மாதிரியே. ஆனால் ஒன்றும் போடாத பாத்தி மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிற்று. அதாவது கணக்குப்படி யூரியா போட்ட பாத்தி வாயுவை விடவே இல்லை. ஆகாயத்திலிருந்து உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. தமிழ்நாடு முழுக்க இதே வேகத்தில் யூரியா வீசினால் சித்திரையில் மலைக்கோட்டை உச்சியில் பனி பெய்யும், பிள்ளையாருக்குக் கம்பளி வாங்க வேண்டியிருக்கும்.

"எங்கயோ தப்பு இருக்கு அங்கிள்," என்றாள். பெட்டியில் ஓட்டை இருக்குமா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் அமிர்தராஜ் மனம் உடைந்து, கொசுக் குடும்பத்தைக் காட்டினார். ஊசி, குப்பி, தண்ணீர் எல்லாவற்றையும் சோதித்தார்கள். எதிலும் பழுதில்லை. மேலிடத்து அதிகாரி வருவதற்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் இதை ஏற்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

அமிர்தராஜுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. தன் வயல் உலகத்தில் இல்லாத ஒன்றைச் செய்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார். டீக்கடையில் சொன்னார். பக்கத்து வயல் பிரவீன்ராஜ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். யூரியா போட்டால் பூமி குளிர்கிறதா என்று உறுதி செய்துகொண்டான். மறுநாளே இரண்டு மடங்காக வீசினான். அதைப் பார்த்து அடுத்த வயல்காரன் வீசினான். கொஞ்ச நாளில் கொள்ளிடக் கரை நெடுக ஒவ்வொருவனும் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். புல் கரும்பு மாதிரி நின்றது. அந்த வருஷம் வெயில் முன்னைவிட அதிகம்.

அதிகாரி வருகிற தேதி தெரிந்தது. அவர் குடும்பத்தோடு வந்து, பிறகு முக்கொம்பு பார்க்கப் போகிறார், ஆகவே காலையிலேயே வந்துவிடுவார் என்று குழலி போனில் சொன்னாள். அமிர்தராஜ் ஒரு காரியம் செய்தார். அவர் செய்ததிலேயே அதுதான் பெரிய காரியம். முந்தைய நாள் உத்தர வீதிக்கே போய் ரெங்கநாதனைப் பார்த்தார். நாளைக்குத் தவறாமல் வரவேண்டும், நல்லபடியாக உடுத்திக்கொண்டு வரவேண்டும், அந்தப் பாத்தி எவ்வளவு சுத்தம் என்று அதிகாரியிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நம்பகமான சாட்சி ஒன்று இருந்தால் ரிப்போர்ட் நிற்கும் என்பது தொழிற்சாலையில் கற்றது. வயல் நின்றுவிட்டால் ஜேக்கப் வாய் திறக்க மாட்டான்.

மறுநாள் காலையில் அதிகாரி வரப்பில் நின்று போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். குடும்பம் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தது. குழலி கையில் காகிதங்களோடு, நைட்ரேட்டிலிருந்து ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் போடாத பாத்தியைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தாள். அப்போது ரெங்கநாதன் வந்தார். பளிச்சென்று திருமண், பஞ்சகச்சம், தோளில் பட்டு. கோதைக்கு நெற்றியில் மஞ்சள், கழுத்தில் சம்பங்கி. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பசுவின் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அமிர்தராஜுக்கு நெஞ்சு நிறைந்தது. எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது.

ரெங்கநாதன் அந்தப் பாத்தியின் மகிமையைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே கோதை தன் இடத்துக்குப் போய்விட்டது. கோபுரத்தைப் பார்த்து நின்றது. வாலைத் தூக்கியது. இரும்பில் விழுந்து தெறிக்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது. ரெங்கநாதன் பேச்சை நிறுத்தாமலே சொம்பை நீட்டினார். அதிகாரி கைகூப்பியபடி நின்றார்.

குழலி மட்டும் பசுவைப் பார்க்கவில்லை, சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள். தினமும் இங்கதானா?"

"தினமும்மா," என்றார் அமிர்தராஜ். "ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

அவள் காகிதங்களை மடித்தாள். பக்கத்தில் கிடந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அமிர்தராஜுக்கு முன்னாடியே புரிந்திருக்கும்.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். உரத்தில் இருக்கிற அதே சத்துதான் கோமியத்திலும். வயலில் யூரியாவைத் தூவினால் பரவலாக விழும். "கோதை ஒரு மூட்டையை ஒரு சாண் இடத்துல கொட்டுது அங்கிள். எந்த விவசாயியும் அவ்வளவு போட மாட்டான்."

ரெங்கநாதன் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்போ கோமியம் தோஷம்கறேளா?"

"தோஷம் இல்ல மாமா. நைட்ரஜன்."

அதிகாரி நல்ல மனுஷர். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே, பசு மகாலட்சுமிதான், ஆனால் ரிப்போர்ட்டில் மகாலட்சுமி என்று எழுத முடியாதே அம்மா என்று வருத்தத்தோடு சொன்னார். மற்ற மூன்று பாத்திகளும் சரியாகத்தான் இருக்கின்றன என்று குழலி சொல்லிப் பார்த்தாள். எதைக் கழிப்பது என்று அவர் கேட்டார். காரில் யாரோ ஹாரன் அடித்தார்கள். முக்கொம்பில் வெயில் ஏறிவிடும்.

கார் போன பிறகு அமிர்தராஜ் வேலி போடுவதாகச் சொன்னார். இன்றைக்கே போடுவதாகச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், பெட்டியெல்லாம் இருக்கிறது, ஆளுக்கு நான் இருக்கிறேன், இரண்டு வருஷம் ஒன்றும் பெரிதில்லை என்றார்.

"எனக்கு ஆடி மாசத்தோட வேலை முடியுது அங்கிள்." அவள் எழுந்து போர்டைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். "மாடு விடக்கூடாதுன்னு நான் எழுதியிருக்கணும். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன்."

அவள் கோபப்பட்டிருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பிறர் வேலையில் விரிசல் கண்டுபிடித்தவர், அந்த வாக்கியத்தைக் காதை வைத்து வைத்துக் கேட்டார். அதில் அவள் பேரில் ஒரு விரிசலும் இல்லை.

பிரவீன்ராஜிடம் போய், நான் சொன்னது தப்பு, யூரியாவைக் குறை என்றார். அவன் கரும்பு மாதிரி நின்ற புல்லைக் காட்டினான். "ஆராய்ச்சிக்காரங்க மாத்தி மாத்திச் சொல்லுவாங்க அங்கிள். புல்லு அப்படி மாத்திச் சொல்லுதா பாருங்க." கரை நெடுக எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். சொன்ன பொய்யை நம்பியவர்கள் திருத்தத்தை நம்பவில்லை. பொய்யில் புல் நன்றாக வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அமிர்தராஜ் விஷயத்தைச் சொன்னார். ஜேக்கப் பசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப நம்ம பேசினபடிதானேப்பா?"

"பேசினபடிதான்," என்றார்.

புல்லைத் தூரோடு பிடுங்க இயந்திரம் வந்தது. அதன் வேர் எவ்வளவு ஆழம் என்றால், ஒன்றைப் பிடித்து இழுத்தபோது அக்கரையில் ஒரு தென்னை மரம் ஆடியது. மண் கொட்டி மேடாக்கினார்கள். கல் நட்டார்கள். ரோட்டோரம் கிரீன் மெடோஸ் என்று வளைவு வைத்து, ஏதோ வெளிநாட்டுப் புல்வெளியின் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். படத்தில் இருந்ததுதான் அங்கே மிஞ்சிய புல். குழலி எங்கோ ஒரு கோச்சிங் சென்டரில் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுப்பதாக ஒரு தடவை போனில் சொன்னாள். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, அவரும் கூப்பிடவில்லை. பெட்டிகளில் ஒன்றை லூர்துராணி அரிசி வைக்க எடுத்துக்கொண்டாள். வண்டு வரவில்லை என்று சந்தோஷப்பட்டாள்.

தென்கோடி மனையில்தான் முதல் வீடு எழும்பியது. வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர், மரியாதை தெரிந்தவர். நிலத்துச் சொந்தக்காரரின் அப்பா என்று அமிர்தராஜையும் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தார். போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். காலையில் கால் பழக்கப்பட்ட பஸ்ஸில் ஏறிவிட்டது.

ரெங்கநாதன் கோதையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். கோதை இளைத்திருந்தது. இப்போது என்ன தின்கிறது என்று அமிர்தராஜ் கேட்டார். பழையபடி சுவரொட்டிதான் என்றார் ரெங்கநாதன். கரையில் மற்றவர்கள் புல்லை அது மோந்துபார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதாம்.

மேளம் கொட்டியதும் கோதை படியேறியது. வீட்டார் அதைப் பூஜை அறைப் பக்கம் இழுத்தார்கள். வரவில்லை. கூடத்தைக் குறுக்கே கடந்து, ஜன்னலோரம் சோபா போடுவதற்காக விட்டிருந்த இடத்துக்குப் போய் நின்றது. ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிந்தது. வாலைத் தூக்கியது.

அமிர்தராஜின் கை தானாகப் பக்கத்தில் பெட்டியைத் தேடியது. தேடியது தெரிந்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரரின் மனைவி கண் கலங்கிவிட்டாள். சோபா போடுகிற இடத்தில் லட்சுமி வந்து நின்றுவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். ரெங்கநாதன் சொம்பை நீட்டி முதல் தாரையைப் பிடித்தார். மிச்சம் கிரானைட் தரையில் விழுந்தது. பளபளப்பான கல். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. வாட்டம் பார்த்துப் போட்டிருந்ததால் கோடாக ஓடி, சுவரோரம் திரும்பி, குளியலறைச் சாக்கடைக்குள் போயிற்று. இடுக்கில் சிமெண்டு சரியாகப் பூசியிருக்கிறதா என்று அமிர்தராஜ் குனிந்து பார்த்தார். மிகச் சரியாகப் பூசியிருந்தது. கீழே அவருடைய மண் இருந்தது, அதற்கு இனிமேல் தண்ணீரும் கிடையாது, காற்றும் கிடையாது. அந்தப் பாத்தியில் இப்போது நிஜமாகவே ஒன்றும் போடுவதற்கில்லை. அதிலிருந்து ஒன்றும் வரப்போவதுமில்லை.

வேலைக்காரப் பெண் மாப் போட்டுத் துடைத்தாள். யாரோ அவர் கையில் கேசரித் தட்டைக் கொடுத்தார்கள். வாசலில் கோதை, வரவேற்புப் பேனரில் வீட்டுக்காரரின் படத்தை ஒரு ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்திருந்தது.